நர்மதைக் கல்லுக்கு வீட்டிலேயே மெருகு

ஆற்றங்கரைக்குப் போய்விட்டு வெறும் பையோடு திரும்பிய குழந்தையை நான் பார்த்ததில்லை. சாந்தோத், கருடேஸ்வர், பரூச் என்று நர்மதை ஓரம் எங்கே போனாலும் கால்சட்டைப் பை கிழியும் அளவுக்குக் கூழாங்கற்கள் வீடு வந்து சேரும். தண்ணீருக்குள் கிடந்தபோது சிவப்பும் தேன் நிறமும் வரிவரியாகத் தெரிந்த கல், வீட்டுக்கு வந்து காய்ந்ததும் சாம்பல் பூத்தாற்போல் ஆகிவிடும். "அங்கே நன்றாக இருந்ததே, இங்கே ஏன் இப்படி?" என்று குழந்தை கேட்கும். நல்ல கேள்வி. நாம்தான் பெரும்பாலும் பதில் சொல்லாமல் கல்லைத் துளசி மாடத்து ஓரத்தில் கொட்டிவிடுகிறோம்.

பதில் இதுதான். கையில் வழவழவென்று இருக்கும் கூழாங்கல்லின் மேல்பரப்பிலும் கண்ணுக்குத் தெரியாத கோடி கீறல்கள் உண்டு. வெளிச்சம் அவற்றின் மேல் பட்டு நாலா பக்கமும் சிதறிவிடுவதால், கல்லுக்குள் இருக்கும் நிறம் நம் கண்ணுக்கு வந்து சேருவதில்லை. தண்ணீர் அந்தக் கீறல்களை நிரப்பி மேலே ஒரு சமமான தோலைப் போர்த்துகிறது. வெளிச்சம் சிதறாமல் உள்ளே போய்த் திரும்புகிறது. காய்ந்தால் பழைய கதைதான். மெருகேற்றுவது என்பது, தண்ணீர் சிறிது நேரத்துக்குச் செய்ததை நிரந்தரமாகச் செய்வது. கீறல்களை நிரப்புவதற்குப் பதிலாக, கீறலே இல்லாத அளவுக்குக் கல்லைத் தேய்த்துவிட வேண்டும்.

இதற்கென்றே 'ராக் டம்ப்ளர்' என்று ஒரு கருவி இருக்கிறது. ஒரு டிரம், அதைப் படுக்க வைத்து மெதுவாக உருட்டும் இரண்டு உருளைகள், ஒரு மோட்டார். அவ்வளவுதான். டிரம்முக்குள் கல்லும் தண்ணீரும் கார்போரண்டம் தூளும் போட்டு இரவும் பகலும் உருளவிட்டால், ஒரு மாதத்தில் ஈரம் காயாத கல்போல் மின்னும் கற்கள் கிடைக்கும். நம் வீட்டில் கிடக்கும் பழைய சாமான்களைக் கொண்டே இதைச் செய்துவிடலாம். ஒரு மாதமா என்று மலைக்க வேண்டாம். அந்த ஒரு மாதத்தைச் சுருக்கக் குறுக்கு வழி தேடக்கூடாது என்பதற்கு வலுவான காரணம் ஒன்று நம் பக்கத்து ஊரிலேயே இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுக் கருவிக்கு வருகிறேன்.

கம்பாத் தோல் பை

வதோதராவிலிருந்து அதிகத் தொலைவில்லாத கம்பாத், கல்மணி செய்வதில் உலகப் பெயர் பெற்ற ஊர். இங்கே 'அகீக்' என்று சொல்லும் கல்லையும், நம் தொல்லியல் நூல்களில் சூதுபவளம் என்று வரும் சிவப்புக் கல்லையும் உடைத்து, சீவி, துளையிட்டு மணியாக்குகிறார்கள். பரூச் மாவட்டத்தில் ஜகடியா பக்கம் உள்ள ரத்தன்பூரின் பழைய சரளைப் படுகைகளிலிருந்து கல் வருகிறது. எரிமலைக் குழம்பு இந்தத் தக்காணப் பகுதி முழுவதும் பரவியது ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால். குழம்பு ஆறியபோது அதிலிருந்த காற்றுக் குமிழ்களில் பிற்பாடு சிலிக்கா கலந்த நீர் புகுந்து, படலம் படலமாகப் படிந்து இறுகியதுதான் அகீக். வெட்டினால் தெரியும் வரிகள் அந்தப் படலங்களே. மங்கலான கல்லை மண்சட்டியில் வைத்துச் சாண எரு மூட்டத்தில் சுட்டால் அதிலுள்ள இரும்பு மாறிச் சிவப்பு ஏறுகிறது. (வீட்டு அடுப்பில் இதை முயல வேண்டாம். ஈரம் உள்ள கல் வெடித்துத் தெறிக்கும்.)

இந்தத் தொழில் இங்கே நேற்று வந்ததல்ல. 1955 முதல் எஸ். ஆர். ராவ் தலைமையில் அகழ்ந்த லோத்தலில் சிந்துவெளிக் காலத்து மணிப் பட்டறையே கிடைத்தது. நமக்கும் இதில் ஒரு ஒட்டுறவு உண்டு. நொய்யல் கரையில் ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் சங்க காலத்து மணிப் பட்டறைகள் வெளிப்பட்டன. அங்கே பச்சைக்கல்லும் படிகமும் சுற்று வட்டாரத்திலேயே கிடைப்பவை. ஆனால் சூதுபவளம் அந்தப் பக்கத்துக் கல் அல்ல. அது குஜராத்திலிருந்து போயிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. கீழடியிலும் சூதுபவள மணிகள் கிடைத்திருக்கின்றன. ஆக, பிழைப்புத் தேடி நாம் இங்கே வருவதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊர்க் கல் நம் ஊருக்குப் போய்விட்டது!

மின்சாரம் வருவதற்கு முன்னால் கம்பாத்தில் மணிகளுக்கு மெருகு ஏற்றிய விதம்தான் நம் கதைக்கு முக்கியம். மணிகளைக் கல்தூளோடும் தண்ணீரோடும் ஒரு தோல் பைக்குள் போட்டு வாயைக் கட்டிவிடுவார்கள். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து அந்தப் பையை இங்கும் அங்குமாகப் பத்துப் பதினைந்து நாள் உருட்டிக்கொண்டே இருப்பார்கள். நாம் செய்யப் போகும் கருவி அந்தத் தோல் பையேதான். உருட்டும் இரண்டு பேருக்குப் பதில் மோட்டார். இன்று கம்பாத்திலும் இந்த வேலைக்கு மின்சார டிரம்தான்.

அந்த ஊரின் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். மணிக்கு வடிவம் கொடுக்கச் சுழலும் சாணைச் சக்கரத்தில் கல்லைப் பிடித்துத் தேய்க்கிறார்கள். அப்போது பறக்கும் வெண்தூள் சிலிக்கா. அதில் கண்ணுக்கே தெரியாத மிக நுண்ணிய துகள்கள் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்த் தங்கிவிடும். அங்கே தழும்பு விழுந்து நாளடைவில் மூச்சு விடவே முடியாமல் போகும். சிலிக்கோசிஸ் என்று பெயர். ஏறிய தழும்பை மாற்றும் மருந்து இல்லை. காசநோயும் எளிதில் தொற்றிக்கொள்ளும். கம்பாத்தின் சாணைத் தொழிலாளர்களிடம் இந்த நோய் இருப்பதை அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனத்து மருத்துவர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்து எழுதினார்கள். வேலை வீட்டுத் திண்ணையிலேயே நடப்பதால் சக்கரத்தைத் தொடாத வீட்டுப் பெண்களும் பக்கத்து வீட்டாரும்கூடத் தூளைச் சுவாசிக்கிறார்கள்.

கையடக்கக் கிரைண்டிங் மெஷின் இன்று எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கிறது. பால்கனியில் உட்கார்ந்து அதில் ஒரு கல்லை அரை மணியில் பளபளப்பாக்கிவிடலாம் என்று உற்சாகம் வரும். செய்யாதீர்கள். மூக்கில் கட்டும் கைக்குட்டை இந்தத் தூளைத் தடுக்காது. டிரம்முக்குள் தேய்கிற கல்லின் தூள் முழுவதும் தண்ணீரோடு சேறாகவே இருக்கும், காற்றில் ஒரு துகளும் ஏறாது. ஒரு மாதம் பொறுப்பதற்குக் கிடைக்கும் கூலி இதுதான்.

எந்தக் கல் தேறும்?

கருவியைவிடக் கல்லைத் தேர்ந்தெடுப்பதுதான் பாதி வேலை. கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் அகீக், சூதுபவளம், ஜாஸ்பர், படிகம் எல்லாம் ஏறத்தாழ 7. எஃகுக் கத்தி ஐந்தரைப் பக்கம். ஆகவே பேனாக் கத்தியால் கல்லில் அழுத்திக் கோடு போடுங்கள். கல் கீறிக்கொண்டால் வேண்டாம். கல்லின் மேல் கத்தியின் இரும்பு ஈயக்கோடு போல் ஒட்டினால் அது நம் கல். பழைய கண்ணாடிப் பாட்டில் ஒன்றை அந்தக் கல் கீற வேண்டும் என்பது இரண்டாவது சோதனை.

சலவைக்கல் அழகாகத்தான் இருக்கும், ஆனால் கடினம் 3 தான். அகீக்கோடு ஒரே டிரம்மில் போட்டால் நான்கு நாளில் சேறாகிவிடும். எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பொங்கினால் சலவைக்கல் இனம். மணற்பாறை உதிரும். துளைத்துளையான கருங்கல்லில் தூள் போய் ஒளிந்துகொண்டு அடுத்த கட்டத்தைக் கெடுக்கும். கிரானைட்டில் கடினமும் மென்மையுமாகப் பல கனிமங்கள் கலந்திருப்பதால் சொறிசொறியாகவே நிற்கும். வெடிப்பு உள்ள கல் உள்ளே உடைந்து, அதன் கூர்முனை மற்ற கற்களையும் கீறிவிடும். கல்லை நனைத்துவிட்டு உலர விடுங்கள். மற்ற இடம் காய்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் ஈரமாகத் தெரிந்தால் அது வெடிப்பு.

ஆற்றங்கரையில் பொறுக்குவோருக்கு இரண்டு வார்த்தை. அணையிலிருந்து தண்ணீர் திறந்தால் நர்மதையின் மட்டம் சட்டென்று ஏறும், குழந்தைகளைத் தனியே இறங்கவிடாதீர்கள். சரணாலயங்களுக்குள் கல்லைக்கூட எடுக்கக்கூடாது. நர்மதையின் கங்கரெல்லாம் சங்கரன் என்பது இங்குள்ளவர்கள் நம்பிக்கை. படித்துறைகளில் யாரோ பூ வைத்துக் கும்பிட்ட கல்லை நம் டிரம்முக்குள் போட வேண்டாம். ஆற்றுக்குப் போக முடியாதவர்கள் கம்பாத்தில் சில்லுக் கல்லை எடை போட்டே வாங்கலாம்.

கருவி

டிரம்முக்கு 110 மி.மீ. பி.வி.சி. குழாயில் 20 செ.மீ. துண்டு போதும். ஒரு முனையில் மூடியைக் குழாய்ப் பசை போட்டு நிரந்தரமாக ஒட்டிவிடுங்கள். மறுமுனைக்கு மரை போட்டுத் திருகும் மூடி, உள்ளே ரப்பர் வாஷரோடு. லாரி டியூபை வெட்டிக் குழாயின் உட்புறத்தில் பஞ்சர் சொல்யூஷன் தடவி ஒட்டுங்கள். சுமார் 32 செ.மீ. அகலம் தேவைப்படும். இந்த ரப்பர் மூன்று வேலை செய்கிறது: குழாய் தேயாது, கல் வழுக்காமல் மேலே ஏறும், சத்தம் பாதியாகக் குறையும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது. இந்த அளவு டிரம்மில் ஒன்றரைக் கிலோ கல் பிடிக்கும்.

அடிப்பலகை ஒன்றுக்கு ஆறு அங்குலக் கால் அடியுங்கள். அதன் மேல் 12 மி.மீ. இரும்புக் கம்பிகள் இரண்டு, ஒன்றுக்கொன்று இணையாக, மையத்திலிருந்து மையத்துக்கு 7 செ.மீ. இடைவெளியில். நான்கு முனைகளுக்கும் பிளம்மர் பிளாக் பேரிங். கம்பிகளின் மேல் தடித்த ரப்பர் ஹோஸ் மாட்ட வேண்டும், மாட்டியபின் உருளையின் விட்டம் 22 மி.மீ. வருமாறு. ஹோஸின் நீளம் டிரம்மின் இரு மூடிகளுக்கும் நடுவே சரியாக அடங்கட்டும். மூடியின் விளிம்பு ஹோஸின் முனையில் முட்டி நிற்பதால், டிரம் ஒரு பக்கமாக நகர்ந்து நகர்ந்து கீழே விழாது. மூடி இரும்புக் கம்பியில் உரசினால், ஹோஸின் மேல் சைக்கிள் டியூப் ஒரு சுற்று ஏற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டு உருளைகளில் ஒன்றை மோட்டார் சுற்றினால் போதும், மற்றது தானாகச் சுழலும். சுற்றும் கம்பியின் முனையில் பத்து அங்குலப் புல்லி. அது பலகையின் விளிம்புக்கு வெளியே கீழே தொங்கும், கால் அடிக்கச் சொன்னது அதற்காகத்தான். மோட்டாரில் இரண்டு அங்குலப் புல்லி. புல்லியின் துளையைக் கம்பிக்குச் சரியாக்க லேத் பட்டறையில் ஒரு புஷ் போட்டுக் கொடுப்பார்கள்.

மோட்டார் விஷயத்தில் சிக்கனம் பார்த்துத் தவறான பொருளைப் பிடித்துவிடக்கூடாது. மிக்ஸி மோட்டார், தையல் மெஷின் மோட்டார் இரண்டும் ஆகாது. அவை சில நிமிடம் ஓடி ஓய்வெடுக்கப் பிறந்தவை, கார்பன் பிரஷ் தேய்ந்து புகையும். மேஜை மின்விசிறி மோட்டாரும் இறக்கையைக் கழற்றினால் காற்றில்லாமல் சூடேறும். நமக்கு வேண்டியது நாள் முழுதும் ஓடக்கூடிய சிங்கிள் பேஸ் இண்டக்ஷன் மோட்டார், எட்டில் ஒரு குதிரைசக்தி, 1440 சுற்று. மோட்டார் காயில் கட்டும் கடைகளில் பழையது கிடைக்கும்.

நம்மவர் வீடுகளில் இன்னொரு வழியும் உண்டு. ஊரிலிருந்து ரயிலில் தூக்கி வந்த கோயம்புத்தூர் கிரைண்டர், கல் தேய்ந்தோ டிரம் ஓட்டையாகியோ லாஃப்டில் கிடக்கும். பரம்பரைச் சொத்துப்போல் அதைத் தூக்கிப் போடவும் மனம் வராது. அதன் மோட்டார் இண்டக்ஷன் வகைதான். மாவரைக்கும் பளு இங்கே இல்லாததால் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். முதல் நாள் மணிக்கொரு முறை சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொட்டுப் பாருங்கள். கை வைத்து எடுக்க முடியாத சூடு என்றால் அதை விட்டுவிட வேண்டியதுதான். "கிரைண்டரிலேயே கல்லைப் போட்டால் என்ன?" என்று கேட்பவர்களுக்கு: கிரைண்டர் டிரம் நிமிர்ந்து நின்று சுழல்கிறது, கற்கள் கூடவே சுற்றிவருமே தவிர ஒன்றன்மேல் ஒன்று புரண்டு விழாது. டிரம் படுத்துச் சுழல வேண்டும்.

வேகத்தைப் பற்றிக் கொஞ்சம் கணக்கு. 1440 என்று பட்டயத்தில் இருந்தாலும் பளுவோடு 1400 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 அங்குலத்திலிருந்து 10 அங்குலப் புல்லிக்குப் போகும்போது ஐந்தில் ஒன்றாகி 280. உருளை 22 மி.மீ., டிரம் 110 மி.மீ. என்பதால் மறுபடி ஐந்தில் ஒன்று: 56 சுற்று. மோட்டார் வேறாக இருந்தால் இதே வழியில் புல்லியை மாற்றிக் கணக்கிடலாம். 50-லிருந்து 60-க்குள் இருப்பது நல்லது. ஏன் வேகமாகக் கூடாது? பொருட்காட்சியில் மரணக் கிணற்றுக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் வேகத்தினால் சுவரோடு ஒட்டி நிற்கிறார் அல்லவா? 10 செ.மீ. உள்விட்டமுள்ள டிரம் 135 சுற்றை நெருங்கினால் கற்களும் அப்படியே சுவரோடு ஒட்டிக்கொள்ளும், தேய்மானமே இராது. அதற்குக் கொஞ்சம் கீழே இருந்தால் உச்சியிலிருந்து விழுந்து ஒன்றையொன்று உடைக்கும். பாதிக்கும் குறைந்த வேகத்தில்தான் மேல் அடுக்குக் கற்கள் சரிவில் சறுக்கி இறங்கும். அந்தச் சறுக்கல்தான் தேய்க்கிறது.

பெல்ட்டுக்கும் புல்லிக்கும் தகர மூடி கட்டாயம். குழந்தையின் விரலும், பெண்களின் முந்தானையும் துப்பட்டாவும், பின்னலும் அதில் சிக்கும். மூன்று பின் பிளக், சரியான எர்த், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. உள்ள இணைப்பு இவையும் வேண்டும். தண்ணீரும் மின்சாரமும் பக்கத்தில் இருக்கும் கருவி இது. மழை படாத இடத்தில், ஒரு தட்டின் மேல், கால்களுக்கு அடியில் பழைய டயர்த் துண்டு கொடுத்து வையுங்கள். கீழ் வீட்டுக்காரரோடு உறவு கெடாமல் இருக்கும். மோட்டார் 100 வாட் எடுத்தால் நாளைக்கு 2.4 யூனிட், நான்கு வாரத்துக்கு 67 யூனிட். இதை வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுவது உத்தமம்.

நான்கு வாரம்

தூள் வாங்க ஹார்ட்வேர் கடையில் கார்போரண்டம் பவுடர் என்று கேளுங்கள். சிலிக்கன் கார்பைடு என்பது இதன் வேதிப் பெயர். 1891-இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்செசன் உலையில் செய்து பெயர் சூட்டியது. கடினம் 9-க்கு மேல். வால்வு தேய்க்கும் பசையாக டப்பாவில் வருவதை வாங்காதீர்கள், அதில் கிரீஸ் கலந்திருக்கும். எண் கூடக்கூடத் தூள் நைசாகும். 80, 220, 600 என்று மூன்று வகை வேண்டும். கடைசி மெருகுக்குச் சீரியம் ஆக்சைடு, கண்ணாடிக்கு மெருகு போடுபவர்கள் வாங்கும் கடையில் கிடைக்கும்.

முதல் வாரம் 80. பெரிய கல், சிறிய கல் கலந்து டிரம்மின் மூன்றில் இரண்டு பங்கு வரை நிரப்புங்கள். சிறியவைதான் பெரியவற்றின் பள்ளங்களுக்குள் தூளைக் கொண்டுபோய்த் தேய்க்கும். கல்லின் மேல் அடுக்குக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர். மேசைக்கரண்டியால் மூன்று கரண்டி தூள். மூடியைத் திருகி உருளவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். ஆற்று மணலில் நடப்பதுபோல் சரசரவென்று ஒரே சீராக வந்தால் சரி. டம் டம் என்று விழுந்தால் கல் போதவில்லை. சத்தமே இல்லையென்றால் அளவுக்கு மீறி அடைத்துவிட்டீர்கள்.

முதல் சில நாள் தினமும் ஒருமுறை நிறுத்தி மூடியைத் திறந்து மூடுங்கள். சில கற்களிலிருந்து வாயு கிளம்பி உள்ளே அழுத்தம் ஏறுவதுண்டு. வாரக் கடைசியில் கல்லைக் கழுவிப் பார்த்தால் முனை மழுங்கி உருண்டு, ஆனால் மாக்கல் போல் மங்கி இருக்கும். குழந்தை ஏமாற்றத்தோடு பார்க்கும். இந்தக் கட்டத்தில் மங்கல்தான் வர வேண்டும். பள்ளமோ முனையோ மீதம் இருந்தால் புதுத் தூள் போட்டு இன்னும் ஒரு வாரம் ஓட்டுங்கள். இங்கே தேயாத பள்ளம் பின்னால் எந்தக் கட்டத்திலும் தேயாது. ஆற்றுக் கூழாங்கல்லானால் நதியே இந்த வேலையில் பாதியை முடித்துக் கொடுத்திருக்கும். உடைத்த சில்லுக் கல்லுக்குத்தான் நாள் அதிகம். எறும்பூரக் கல்லும் தேயும் என்றார்கள், எத்தனை நாளில் என்று சொல்லவில்லை!

இரண்டாம் வாரம் 220, மூன்றாம் வாரம் 600, நான்காம் வாரம் சீரியம் ஆக்சைடு. அளவு ஒன்றே. தேய்ந்துபோன பங்குக்கு ஈடாகப் பிளாஸ்டிக் குருணையைச் சேர்த்து டிரம்மை மூன்றில் இரண்டு பங்காகவே வைத்திருங்கள். மெருகுக் கட்டத்தில் கற்கள் ஒன்றையொன்று மோதாமல் அது மெத்தைபோல் காக்கும். 600 முடிந்து ஈரத்தைத் துடைக்கும்போதே கல்லில் ஜன்னலின் நிழல் மங்கலாகத் தெரியத் தொடங்கும். அது தெரியாவிட்டால் மெருகுக்குப் போகாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், கட்டத்துக்குக் கட்டம் கழுவுவது. 80 எண் தூளின் ஒரு குருணை ஏறத்தாழ மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு. 600 எண்ணின் குருணை அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. முந்தைய தூளில் நாலே நாலு குருணை கல்லின் இடுக்கிலோ மூடியின் மரையிலோ தங்கி மெருகுக் கட்டத்துக்கு வந்துவிட்டால், ஒரு வாரம் முழுவதும் அவை கல்லைக் கீறிக்கொண்டே இருக்கும். எவ்வளவு விலை உயர்ந்த மெருகுத் தூள் போட்டும் பயனில்லை. பழைய பல் துலக்கும் பிரஷால் ஒவ்வொரு கல்லாகத் தேய்த்துக் கழுவுங்கள். டிரம், மூடி, வாஷர், கரண்டி, உங்கள் நகக்கண் எல்லாவற்றையும்தான். வெடித்த கல்லை அப்போதே எடுத்துவிடுங்கள். பிறகு சோப்புச் சீவலும் தண்ணீரும் மட்டும் போட்டுச் சில மணி நேரம் ஓட்டி மறுபடி அலசலாம். பொறுமைசாலிகள் மெருகுக் கட்டத்துக்கென்று தனி டிரம்மே வைத்துக்கொள்வார்கள். குழாய்த் துண்டின் விலைதானே, நானும் அதையே சிபாரிசு செய்வேன்.

வெளியூர் போகும்போது பாதியில் நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். சேறு சிமெண்டு போல் இறுகிக் கல்லெல்லாம் ஒரே கட்டியாகிவிடும். கழுவிக் கொட்டிவிட்டுப் போங்கள். ஒரு மணி இரண்டு மணி மின்வெட்டு வந்தால் பாதகமில்லை, மின்சாரம் வந்ததும் தானே சுற்றத் தொடங்கும்.

கழுவிய சேற்றைத் தொட்டியிலோ குளியலறையிலோ கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும், எந்த ஆசிட்டாலும் கரையாது. பழைய வாளியில் ஊற்றி இரவு முழுவதும் தெளிய விடுங்கள். மேலே தெளிந்த தண்ணீரைச் செடிகள் இல்லாத மண்ணில் ஊற்றிவிட்டு, அடியில் தங்கிய சேற்றை ஈரமாக இருக்கும்போதே பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பையில் சேருங்கள். காய விட்டுச் சுரண்டினால் கம்பாத்துத் திண்ணையில் பறக்கும் அதே சிலிக்காத் தூள் நம் வீட்டில் பறக்கும். தரையில் சிந்திய சேற்றையும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பெரிய கல்லைச் சுத்தியால் உடைக்க நேர்ந்தால் நனைந்த சாக்கில் சுற்றி, கண்ணாடி அணிந்து, வெளியில் வைத்து உடையுங்கள். சமையல் கரண்டியோ பாத்திரமோ இந்த வேலைக்கு வந்தால் திரும்பச் சமையலறைக்குப் போகக்கூடாது. இதில் வீட்டு அம்மாக்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

குழந்தைகளை இதில் எங்கே சேர்க்கலாம் என்றால், கல் பொறுக்குவது, கத்திச் சோதனை பெரியவர் துணையோடு, தூள் அளப்பதைப் பெரியவர் செய்தபின் தண்ணீர் ஊற்றுவது, டிரம்மில் வெள்ளைக் கோடு ஒட்டி நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணுவது, தேதி போட்டு நோட்டில் எழுதுவது. ஒவ்வொரு வாரமும் ஒரே கல்லை எடை போட்டு எழுதச் சொல்லுங்கள். முதல் வாரத்தில் நன்றாக இறங்கும் எடை கடைசி வாரத்தில் அசையாமல் நிற்பதைப் பார்த்து, ஏன் என்று அவர்களே கேட்பார்கள்.

அஞ்சாங்கல்லுக்கு வேண்டுமென்றால் ஒரே அளவில் சில கற்களை 220-க்குப் பிறகே எடுத்து வைத்துவிடுங்கள். முழு மெருகு ஏறிய கல் புறங்கையில் நிற்காமல் வழுக்கும். மீதியைக் கொலுப் பூங்காவின் ஆற்றங்கரைக்கும் தெப்பக்குளத்துப் படிக்கும் வைக்கலாம். அதற்குத் தயாராக வேண்டுமானால், முதல் கட்டத்துக்கு ஒரு வாரம் கூடுதலாகக் கணக்கு வைத்து, ஆடி முடிவதற்குள் டிரம்மைச் சுழல விட்டுவிடுங்கள்.